உறைபனியின் காரணத்தைக் கண்ட வைத்தியர்: வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் (1757 – 1817)



பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்படி கேட்டால் நீங்கள் எல்லோரும் ஆறுமுக நாவலரையோ காந்தியடிகளையோ விபுலானந்த அடிகளாரையோ எழுதுகிறீர்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நாற்பது விடைத்தாள்களைத் திருத்துபவர் நாற்பது தடவையும் அதே வரலாற்றை வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இம்முறை உங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். தமிழ்க் கட்டுரைக்கும் உதவும். விஞ்ஞானப் பாடத்தில் வெப்பம் என்ற அலகுக்கும் உதவும். நான் கலைப்பிரிவில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கீழே வரும் விஞ்ஞான விடயங்களை விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் இரண்டு தடவை கேட்டுத் தெளிந்த பின்னரே எழுதியிருக்கிறேன்.

மார்கழி, தை மாதங்களில் இரவு வகுப்பு முடிந்து ஜம்பட்டா வீதியால் வீட்டுக்கு நடக்கிறீர்கள். வாசலில் நிற்கும் அம்மா, தலையில் பனி விழுகிறது, துவாயைப் போட்டுக்கொண்டு வந்தால் என்ன என்று ஏசுவார். பனி விழுகிறது, பனி பெய்கிறது, பனி கொட்டுகிறது என்றுதான் நாம் எல்லோரும் சொல்லுகிறோம். மழையைப் போல, அதுவும் மேலேயிருந்து வருகிறது என்பது நமது எண்ணம். உண்மையில் புல்லில் காணும் பனித்துளி மேலேயிருந்து விழுவதில்லை. நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியும் விழுவதில்லை. இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவியவர்தான் நமது கட்டுரையின் நாயகர்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பனித்துளி என்பது இரவில் குளிர்ந்த பொருள்களின் மேல் நீராவி ஒடுங்கி உண்டாகும் நீர்த்துளி. உறைபனி என்பது பொருளின் மேற்பரப்பு 0 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது நீராவி நேரே பனிக்கட்டித் துகளாகப் படிவது. நமது செய்தித்தாள்கள் இதைத் துகள் உறைபனி என்று எழுதும். ஐரோப்பாவிலும் இமயத்திலும் மேகத்திலிருந்து விழும் வெண்பனி வேறு. அது உண்மையாகவே விழுகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.

இளமையும் அலைச்சலும்

வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் 1757ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி, அப்போது பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த வட அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ள்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை றொபேட் வெல்ஸ் புத்தகம் கட்டுபவர், அச்சகம் நடத்துபவர், புத்தக வியாபாரி. பெற்றோர் ஸ்கொத்லாந்திலிருந்து குடியேறியவர்கள். தந்தை தமது ஊரை மறக்க விரும்பாதவர். மகனும் மறக்கக்கூடாது என்பதற்காக, ஸ்கொத்லாந்து மக்கள் அணியும் கட்டம்போட்ட மேலங்கியையும் நீலநிறத் தொப்பியையும் அணிவித்தே அவரை வெளியில் அனுப்பினார். வெயில் எரிக்கும் ஊரில் அந்த உடையோடு திரிந்த சிறுவனின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1768இல் படிப்புக்காக அவர் ஸ்கொத்லாந்திலுள்ள டம்பிறீஸ் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். பதின்மூன்று வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஒரு வருடத்தின் பின்னர் ஊர் திரும்பி, அலெக்சாண்டர் கார்டன் என்ற வைத்தியரிடம் தொழில் பழகினார். இந்தக் கார்டன் செடிகொடிகளை ஆராய்வதில் பேர்பெற்றவர். கார்டீனியா என்ற வாசமுள்ள வெள்ளைப்பூவுக்கு அவரது பெயரே சூட்டப்பட்டது.

1775இல் அமெரிக்கச் சுதந்திரப் போராட்டம் மூண்டது. ஆங்கில அரசுக்கு எதிரான உடன்பாட்டில் ஒப்பமிடும்படி எல்லோரையும் கேட்டார்கள். வெல்ஸ் மறுத்தார். ஊரில் இருக்க முடியாமல் கப்பலேறினார். எடின்பரோவில் வைத்தியம் கற்றார். ஒல்லாந்தில் ஸ்கொத்லாந்துப் படைப்பிரிவு ஒன்றில் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்து, மேலதிகாரியோடு முரண்பட்டு விலகினார். 1780இல் எடின்பரோவில் வைத்தியப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, ஆங்கிலப் படையின் கையில் இருந்த சார்ள்ஸ்டனுக்குக் குடும்பச் சொத்துகளைக் கவனிக்கத் திரும்பினார். 1782இன் முடிவில் அந்தப் படை நகரத்தைக் கைவிட, அவரும் புளோரிடாவுக்கு ஓடினார். போகும்போது அச்சுயந்திரத்தையும் கொண்டு போனார். 1783இல் சகோதரருடன் சேர்ந்து அங்கே ஒரு பத்திரிகை நடத்தினார். புளோரிடாவின் முதற் பத்திரிகை அதுவே. பின்னர் அலுவலாகச் சார்ள்ஸ்டனுக்குப் போனபோது பிடிக்கப்பட்டுச் சில மாதம் சிறையிலும் இருந்தார்.

கலவரமும் யுத்தமும் ஊரைவிட்டுத் துரத்த, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடல் கடந்தவர்களின் கதை நமக்குப் புதிதல்ல. கொச்சிக்கடையில் அப்படி வந்து குடியேறியவர்களின் வீடு இல்லாத ஒழுங்கை உண்டா? வெல்சின் இளமையை அந்தக் கண்ணோடு வாசியுங்கள்.

1784இல் இலண்டனுக்கு வந்தார். அடுத்த ஆண்டு வைத்தியத் தொழிலைத் தொடங்கினார். நோயாளிகள் வரவில்லை. பல ஆண்டுகள் நண்பர்களிடம் கடன் வாங்கியே சீவித்தார். திருமணமும் செய்யவில்லை. ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்கும் பின்ஸ்பரி மருந்தகத்தில் வேலை செய்தார். பின்னர் புனித தோமையர் வைத்தியசாலையில் இடம் கிடைத்தது. 1800இல் அங்கே வைத்தியரானார். இதற்கிடையே, இரண்டு கண்களால் பார்க்கும் பொருள் ஒன்றாகவே தெரிவது ஏன் என்று 1792இல் ஒரு நூல் எழுதினார். அதன் பயனாக 1793இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார்.

தவறான முடிவு

இலண்டனுக்கு வந்த அதே 1784இல், இலையுதிர் காலத்தில், வெல்ஸ் ஒரு சிறிய பரிசோதனை செய்தார். பனித்துளி படிந்த புல்லின் மேல் வைத்த வெப்பமானி, மேலே காற்றில் தொங்கிய வெப்பமானியிலும் குறைவான வெப்பநிலையைக் காட்டியது. பனித்துளி உண்டாகும்போது குளிர் உண்டாகிறது என்று அவர் முடிவு செய்தார். 1788இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த பற்றிக் வில்சன் என்பவர் உறைபனி பற்றி வெளியிட்ட கட்டுரையும் அதையே சொன்னது. இரண்டு பேர் தனித்தனியே ஒன்றைக் கண்டால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? வெல்சும் அப்படியே நினைத்தார். வேலைப் பளுவில் அந்த விடயத்தை ஒதுக்கிவைத்தார்.

இருபத்தேழு வருடங்கள் கழிந்தன. 1811இல் மீண்டும் அதை எடுத்துப் பார்த்தபோது அவருக்கு ஒரு சந்தேகம் பிறந்தது. தாமும் வில்சனும் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிட்டோமோ? பனி படிந்ததால் புல் குளிர்ந்ததா, புல் குளிர்ந்ததால் பனி படிந்ததா?

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்தே நடக்கும்போது எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டமான வேலை. விடைத்தாள்களில் நீங்கள் செய்யும் பிழைகளில் பாதி இதனால்தான் வருகிறது. வெல்ஸ் 54 வயதில், பேரும் பதவியும் வந்த பிறகு, தமது பழைய முடிவையே சந்தேகித்தார். அதைத் தீர்த்துக்கொள்ள ஒரே வழி, பனி படிவதற்கு முன்னரே புல்லின் வெப்பநிலையை அளப்பது. அளந்தார். ஆகாயம் தெளிவாக இருந்த மாலைகளில், ஒரு துளி பனியும் தோன்றுவதற்கு முன்பே, புல் காற்றிலும் பல பாகை குளிர்ந்திருந்தது. குளிர் முதல், பனி பிறகு.

இன்று நாம் அறிந்தபடி பார்த்தால் அவரது பழைய எண்ணம் முற்றிலும் தலைகீழானது. நீராவி ஒடுங்கி நீராகும்போது மறைவெப்பம் வெளிவிடப்படுகிறது. அதாவது பனித்துளி புல்லுக்குச் சிறிது சூட்டைக் கொடுக்கிறதே அல்லாமல் குளிரைக் கொடுப்பதில்லை.

தோட்டத்து இரவுகள்

பகலில் வைத்தியசாலை. இரவில், இலண்டன் பிளாக்பிறையர்ஸ் பாலத்திலிருந்து ஏறத்தாழ 3 மைல் தூரத்தில், நண்பர் ஒருவரின் தோட்டம். கொச்சிக்கடையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் வைத்திருந்த கருவிகளைக் கேட்டால் சிரிப்பீர்கள்: சில வெப்பமானிகள், ஒரு தராசு, கொஞ்சம் வெள்ளைக் கம்பளி மயிர், ஒரு பலகை, ஒரு காகித அட்டை, சுட்ட களிமண்ணாலான ஒரு குழாய்.

கம்பளி மயிரை 10 கிறெயின், அதாவது ஏறத்தாழ 0.65 கிறாம் நிறையுள்ள சிறு பொதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பொதியும் ஒரே நிறை, ஒரே பருமன். பலகையை மெல்லிய கால்களின் மேல் நிலத்திலிருந்து 4 அடி உயரத்தில் நிறுத்தி, ஒரு பொதியைப் பலகையின் மேலும் இன்னொன்றைப் பலகையின் அடியிலும் வைத்தார். ஓர் இரவில் மேலே இருந்த கம்பளி 14 கிறெயின் பனியை ஏற்றது. அடியில் இருந்தது 4 கிறெயின் மட்டுமே ஏற்றது. இன்னும் சில இரவுகள் செய்தும் முடிவு இதே மாதிரியே வந்தது.

இதைப் பார்த்தவுடன், பனி மேலேயிருந்து விழுவதால்தானே பலகைக்கு மேலே கூடுதலாக இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வெல்சும் அதைக் கேட்டுக்கொண்டார். அதற்காகவே அந்தக் களிமண் குழாய். மேலும் கீழும் திறந்த குழாயைப் புல்லில் நிமிர்த்தி நிறுத்தி, அதனுள்ளே புல்லின் மேல் ஒரு பொதியை வைத்தார். பனி மழைபோல நேராக விழுவதானால் குழாயின் உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு விழ வேண்டும். மேலே மறைப்பு ஒன்றும் இல்லையே! ஆனால் உள்ளே இருந்த கம்பளி, வெளியே இருந்ததன் ஒரு சிறு பங்கையே ஏற்றது. பனி விழுகிறது என்ற கொள்கை அந்தக் குழாய்க்குள்ளேயே முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிலர் பனி நிலத்திலிருந்து மேலெழுகிறது என்றும் சொல்லி வந்தார்கள். நிலத்திலிருந்து எழும் நீராவிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதை வெல்ஸ் மறுக்கவில்லை. ஆனால் மேலெழுவது மட்டுமே காரணமானால், நிலத்துக்கு 4 அடி மேலே, பலகைக்கும் மேலே இருந்த கம்பளி அடியில் இருந்ததைவிடக் கூடுதலாக நனைந்தது எப்படி?

அப்படியானால் குழாய்க்குள் இருந்த கம்பளிக்கும் வெளியே இருந்ததற்கும் என்னதான் வித்தியாசம்? ஒன்றே ஒன்று. வெளியே இருந்தது முழு ஆகாயத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்ததற்கு ஆகாயத்தின் ஒரு வட்டத் துண்டு மட்டுமே தெரிந்தது. பலகையின் அடியில் இருந்ததற்கு ஆகாயம் அநேகமாகத் தெரியவேயில்லை.

விடை கதிர்ப்பில் இருக்கிறது. எல்லாப் பொருள்களும் எப்போதும் வெப்பத்தைக் கதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. சுற்றியுள்ளவற்றிலிருந்து பெற்றுக்கொண்டும் இருக்கின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கலை 1791இல் ஜெனீவாவைச் சேர்ந்த பிறேவோ விளக்கியிருந்தார். தெளிந்த இரவில் புல் ஆகாயத்துக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. ஆகாயம் திருப்பித் தருவது குறைவு. வரவிலும் செலவு கூடினால் வீட்டில் என்ன நடக்குமோ அதுவே புல்லிலும் நடக்கிறது. நிலத்தின் சூடு புல் நுனிக்கு வந்து சேருவதும் இல்லை, ஏனெனில் புல் வெப்பத்தை அரிதாகவே கடத்தும். ஆகவே புல் தன்னைச் சூழ்ந்த வளியிலும் குளிர்ந்து போகிறது. அதைத் தொடும் வளியும் குளிர்கிறது. பனிபடுநிலைக்குக் கீழே போனதும் வளியிலுள்ள நீராவி புல்லின் மேல் ஒடுங்குகிறது. மேற்பரப்பு 0 பாகைக்கும் கீழே போயிருந்தால் நீராவி நீராகாமலே பனிக்கட்டித் துகளாகப் படிகிறது. அதுதான் உறைபனி. ஐஸ் போட்ட சர்பத் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே கதைதான். குவளையைக் குளிர வைத்தது ஐஸ். புல்லைக் குளிர வைத்தது திறந்த ஆகாயம்.

இந்த ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு வெல்ஸ் பழைய புதிர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மேகம் மூடிய இரவில் பனி ஏன் குறைவு? மேகம் தன் வெப்பத்தைக் கீழ்நோக்கிக் கதிர்த்து, புல் இழப்பதில் பெரும்பங்கை ஈடுசெய்கிறது. காற்று வீசும் இரவில் ஏன் இல்லை? ஓடும் காற்று புல்லுக்கு மீண்டும் மீண்டும் சூட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறது. புல்லும் கம்பளியும் கண்ணாடியும் நனைய, பக்கத்தில் கிடக்கும் மினுக்கிய உலோகத் தகடு மட்டும் ஏன் உலர்ந்திருக்கிறது? மினுக்கிய உலோகம் வெப்பத்தைக் கதிர்ப்பதில் மிகவும் கஞ்சன்; ஆகவே அது அவ்வளவாகக் குளிர்வதில்லை.

இன்னொன்றையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளைக் குளிரிலிருந்து காப்பாற்ற மேலே மெல்லிய பாயை விரிப்பதைக் கண்டு அவர் முன்னர் மனதுக்குள் சிரித்தவர். காற்று எல்லாப் பக்கத்தாலும் புகும்போது ஒரு மெல்லிய பாய் எதைத் தடுக்கும் என்பது அவரது எண்ணம். பின்னர் நான்கு குச்சிகளை நட்டு, புல்லுக்கு அரை அடி உயரத்தில் ஒரு மெல்லிய கைக்குட்டையை விரித்துப் பார்த்தார். கைக்குட்டையின் கீழிருந்த புல் வெளியே இருந்த புல்லிலும் பல பாகை சூடாக இருந்தது. பாய் காற்றைத் தடுக்கவில்லை, ஆகாயத்தை மறைத்தது. படித்த வைத்தியர் சிரித்தார். படியாத தோட்டக்காரர் சரியாகச் செய்தார். துவாயைப் போடச் சொல்லும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் காரணம் பிழை. துவாய் பிழை அல்ல.

அலகாபாத்தில் பனிக்கட்டி

வெல்சின் நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நமது பக்கத்து நாட்டைப் பற்றியது. யந்திரத்தால் ஐஸ் செய்யும் காலத்துக்கு வெகு முன்பே, அலகாபாத் போன்ற வட இந்திய ஊர்களில் பனிக்கட்டி செய்து விற்றார்கள். அங்கே குளங்களில் தானாகப் பனிக்கட்டி உறைவதைத் தாம் கண்டதில்லை என்று, அதை நேரில் பார்த்த சேர் றொபேட் பாக்கர் 1775இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். அப்படிப்பட்ட இடத்தில் பனிக்கட்டி எப்படி வந்தது?

திறந்த வெளியில் ஏறத்தாழ 30 அடிச் சதுரமாக, 2 அடி ஆழத்தில் பள்ளம் வெட்டுவார்கள். அடியில் உலர்ந்த கரும்புச் சோகையோ வைக்கோலோ தடிப்பாகப் பரப்புவார்கள். அதன்மேல் ஒன்றேகால் அங்குல ஆழமுள்ள மண் தட்டுகளை நெருக்கமாக அடுக்கி, மாலை மங்கியதும் கொதித்தாறிய நீரை ஊற்றிவிட்டுப் போவார்கள். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான தெளிந்த இரவுகளில் தட்டுகளில் பனிக்கட்டி படிந்திருக்கும். சூரியன் எழுமுன் வந்து அதைப் பொறுக்கி, கூடைகளில் சுமந்து, ஆழமான குழியில் இட்டு மூடி, கோடைக்கு வைத்திருப்பார்கள்.

மண்தட்டிலிருந்து நீர் ஆவியாவதால்தான் இந்தக் குளிர் உண்டாகிறது என்று அறிஞர்கள் எழுதினார்கள். மண்பானை நீர் குளிர்வதைப் பார்த்த நமக்கும் அதுதான் முதலில் தோன்றும். வெல்ஸ் அதை மறுத்த முறையைக் கவனமாகப் படியுங்கள். ஆவியாதல் காரணமானால் காற்று வீசும் இரவில் பனிக்கட்டி கூட வேண்டும். ஆனால் காற்றடித்தால் பனிக்கட்டி கிடைப்பதில்லை. ஆவியாதல் காரணமானால் வைக்கோலை நனைத்து வைப்பது நல்லது. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் வைக்கோல் நனைந்துவிட்டால் அதை எடுத்துவிட்டு உலர்ந்ததைப் போட்டார்கள். உலர்ந்த வைக்கோல் நிலத்தின் சூடு மேலே வராமல் தடுத்தது. பள்ளம் காற்றை அடக்கி வைத்தது. தெளிந்த ஆகாயம் வெப்பத்தை வாங்கிக்கொண்டது. பள்ளத்துக்கு வெளியே வளி உறைநிலைக்கு மேலே இருந்தபோதும் தட்டுகளுக்குள் பனிக்கட்டி உண்டானது இப்படித்தான். அந்தத் தொழிலாளர்களின் பெயர் ஒன்றும் நூல்களில் இல்லை. ஆனால் பௌதிகம் எழுதப்படுமுன்பே அவர்கள் பௌதிகத்தைச் செய்துகொண்டிருந்தார்கள்.

நமது நாட்டில்

உங்களில் பலருக்கு அட்டன், நுவரெலியாப் பக்கத்தில் உறவினர் இருப்பார்கள். ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் டிசெம்பர் கடைசி முதல் பெப்ரவரி வரை சில காலைகளில் புற்றரைகளும் மரக்கறித் தோட்டங்களும் தேயிலை மலைகளும் வெள்ளையாகக் கிடக்கும். கொழும்பிலிருந்து அதைப் பார்க்கவென்றே வாகனம் பிடித்துப் போகிறவர்கள் உண்டு. ஆனால் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அது வேடிக்கை அல்ல. கொழுந்தின் கலங்களுக்குள்ளும் கலங்களுக்கிடையிலும் நீர் உறைந்து கலங்கள் சிதைகின்றன. வெயில் ஏறியதும் கொழுந்து கருகி, செம்மண்ணிறமாகி விடுகிறது. புதிய துளிர் வரும்வரை அந்த மலையில் பறிக்கக் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையென்றால் வேலைநாளும் குறைவு. உருளைக்கிழங்குச் செய்கையாளருக்கும் அதே கதி.

இனி வெல்சின் கண்ணோடு பாருங்கள். அந்த மாதங்களில் மழை ஓய்ந்து இரவில் ஆகாயம் தெளிகிறது. காற்று அடங்குகிறது. குளிர்ந்த வளி பாரமானது. ஆகவே சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் மலை உச்சியைவிடப் பள்ளத்துப் புல்லிலேயே முதலில் உறைபனி படிகிறது. நிழல் மரத்தின் கீழுள்ள தேயிலை தப்ப, அடுத்த நிரையில் திறந்து நிற்கும் செடி கருகிப் போகிறது. மரத்தின் இலைகள் செய்தது, வெல்சின் கைக்குட்டை செய்த அதே வேலை. வளிமண்டலவியல் திணைக்களம் 3 அல்லது 4 பாகை என்று அறிவித்த காலையிலும் புல்லில் உறைபனி இருக்கக் கண்டு, அறிக்கை பிழை என்று சிலர் சொல்வார்கள். அறிக்கை பிழையல்ல. திணைக்களத்தின் வெப்பமானி நிலத்துக்கு மேலே ஒரு கூட்டுக்குள் இருந்து வளியின் வெப்பநிலையை அளக்கிறது; புல்லின் வெப்பநிலையை அல்ல. 1784இல் வெல்ஸ் கண்ட வித்தியாசமும் இதுவேதான்.

கடைசிக் காலம்

ஈரப்புல்லில் கழித்த இரவுகள் ஏற்கெனவே நலிந்திருந்த அவரது உடலை மேலும் வாட்டின. மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. வைத்தியரல்லவா, அதன் பொருள் அவருக்குத் தெரியும். இன்னும் பல பரிசோதனைகள் செய்ய எண்ணியிருந்தும், முடிக்காமல் இறந்துவிடுவோம் என்ற பயத்தில், கையில் இருந்ததை எழுதத் தொடங்கினார். பனி பற்றிய அந்த நூல் 1814இல் வெளிவந்தது. தாம் முன்னர் செய்த பிழையையும் அதிலேயே எழுதினார். அதே ஆண்டு றோயல் சங்கம் அவருக்கு றம்போர்ட் பதக்கம் வழங்கியது. பின்னாளில் ஜோன் ஹேர்ஷெல் 1830இலும், தத்துவ அறிஞர் ஜோன் ஸ்ருவேட் மில் 1843இலும், ஒரு காரணத்தை எப்படித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்கு இந்த நூலையே உதாரணமாக எடுத்துக் காட்டினார்கள்.

அவர் எதிர்பார்த்ததைவிட மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார். கடைசி மாதங்களில், எழுதக் கை ஒத்துழைக்காதபோது, தமது வாழ்க்கையை நண்பரிடம் சொல்லி எழுதுவித்தார். நமக்கு அவரைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. 1817 செப்டெம்பர் 18ஆந் திகதி இலண்டனில் காலமானார்.

இன்னொரு செய்தி. மனிதரின் தோல் நிறம் நாட்டுக்கு நாடு ஏன் வேறுபடுகிறது என்பதைப் பற்றி 1813இல் அவர் றோயல் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். சூழலுக்கு ஏற்றவர்கள் பிழைத்துப் பெருக, மற்றவர்கள் குறைந்து போகிறார்கள் என்ற கருத்து அதில் இருந்தது. அவர் இறந்த மறு ஆண்டு அது அச்சாகியும் ஒருவரும் கவனிக்கவில்லை. சார்ள்ஸ் டார்வின் தமது உயிரினங்களின் தோற்றம் என்ற நூலின் நான்காம் பதிப்பில், 1866இல், இயற்கைத் தேர்வு என்ற கருத்தைத் தமக்கு முன்பே தெளிவாகக் கண்டவர் வெல்ஸ் என்று ஒப்புக்கொண்டார். பனியை ஆராய்ந்தவர் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாமல், இதற்கும் இரண்டு வசனம் ஒதுக்குங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது இந்த வினாவுக்கு விடை எழுதிக்கொண்டு வாருங்கள். நுவரெலியாவில் ஒரு தை மாத இரவில் இரண்டு வான்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஒன்று திறந்த வெளியில், மற்றது அடர்ந்த மரத்தின் கீழ். காலையில் ஒன்றின் கூரையில் மட்டும் உறைபனி காணப்பட்டது. எதன் கூரையில்? ஏன்? விடையில் விழுந்தது என்ற சொல் வரக்கூடாது.